ஸ்லிப் என்று எழுதினேன்

1. ஒரு திங்கட்கிழமை காலை, சின்னத் தொட்டியில் இருந்த களிமண் கரைசலில் சோடியம் சிலிக்கேட்டை அளவுக்கு மேல் ஊற்றினேன்.

2. பத்தரை மணிவாக்கில், அந்தத் தொட்டியிலிருந்து மொண்டு அச்சில் ஊற்றிக்கொண்டிருந்த அக்கா வந்து, கரைசல் சரியில்லை என்றார். “ஊத்துங்கக்கா, போகப் போக சரியாயிடும்” என்றேன்.

3. மாலை ஐந்து மணிக்கு என் நோட்டைப் பார்த்தபோது தவறு எங்கே என்று தெரிந்துவிட்டது. யாரிடமும் சொல்லவில்லை.

4. செவ்வாய்க்கிழமை மற்றவர்கள் வருவதற்கு முன்பே வந்து, தொட்டியில் புது மண் சேர்த்துச் சரிசெய்தேன்.

5. வெள்ளிக்கிழமை, திங்களன்று வார்த்த பொம்மைகள் காய்ந்து சூளைக்குள் போயின. போக விட்டேன்.

6. அடுத்த திங்கள் சூளை பிரித்தபோது, அக்கா வார்த்த வாத்துகளில் முக்கால்வாசிக்குக் கழுத்தில் விரிசல்.

7. அதற்கு மறுநாள் அக்காவைக் காஸ்டிங்கிலிருந்து பேக்கிங்குக்கு மாற்றினார்கள்.

8. அன்று மதியம், ஆர்டர் கொடுத்தவர்களுக்குத் தாமதத்தின் காரணத்தைச் சொல்லும் ஆங்கிலக் கடிதத்தை நான்தான் எழுதினேன். காஸ்டிங் பகுதியில் நேர்ந்த ஒரு ஸ்லிப் காரணமாக, என்று எழுதினேன்.

எதையும் எண் போட்டு எழுதினால்தான் எனக்குப் புரியும். டிப்ளமா படித்த மூன்று வருடமும் அப்படித்தான் படித்தேன். ஆனால் இந்தப் பட்டியலை எழுத எனக்கு ஐந்து மாதம் ஆயிற்று. முதலில் எழுதியபோது மூன்றாவதும் ஐந்தாவதும் அதில் இல்லை.

நான் வேலை பார்ப்பது விருத்தாசலத்தில் ஒரு சின்ன செராமிக் யூனிட்டில். தோட்டத்தில் வைக்கிற பொம்மைகள்தான் எங்கள் சரக்கு: வாத்து, ஆமை, காளான். மண் கலவை, சூளைச் சூடு, தரப் பரிசோதனை மூன்றும் என் பொறுப்பு. பொடித்த களிமண்ணும் கல்தூளும் தண்ணீரில் கலந்து, கெட்டி மோர் பதத்தில் தொட்டியில் இருக்கும். அதைத்தான் ஸ்லிப் என்கிறோம். பிளாஸ்டர் அச்சில் ஊற்றினால் அச்சு தண்ணீரை உறிஞ்சி, உள்பக்கமெல்லாம் மண் ஒரு தோலாகப் படியும். தோல் போதுமான கனம் வந்ததும் மீதியைக் கவிழ்த்துக் கொட்டிவிட்டு, கொஞ்ச நேரம் கழித்து அச்சைப் பிரித்தால் உள்ளே கூடாக ஒரு வாத்து இருக்கும். சிலிக்கேட் சேர்ப்பது, குறைந்த தண்ணீரிலேயே மண் ஓடுவதற்காக. கொஞ்சம் கூடினாலும் வார்ப்பு விறைத்து, அச்சை விட்டு வராமல், மெல்லிய இடத்தில் விரிசல் விட்டுப்போகும். வாத்துக்கு மெல்லிய இடம் கழுத்து.

வார்ப்பின் வாயில் வெட்டி எடுக்கும் கழிவுமண் துண்டுகளை மறுநாள் தொட்டியிலேயே போட்டுக் கரைப்போம். அவற்றில் ஏற்கெனவே சிலிக்கேட் இருக்கிறது. ஆகவே அவற்றின் எடையைக் கழித்துவிட்டு, புது மண்ணுக்கு மட்டும் கணக்குப் போட வேண்டும். என் நோட்டில் அதற்கென்று ஒரு கட்டம் உண்டு. அந்தத் திங்களன்று நான் கழிவுமண்ணை எடை போடவில்லை. முந்தின பக்கத்தில் இருந்த எண்ணைப் பார்த்து எழுதிவிட்டேன். அன்று தொட்டியில் பாதிக்குமேல் கழிவுமண்; முந்தின பக்கத்தில் அது கொஞ்சம்தான்.

அக்காவுக்கு நாற்பது வயதிருக்கும். சேத்தியாத்தோப்பு ரோட்டில் ஓர் ஊரிலிருந்து காலை பஸ்ஸில் வருவார். வீட்டுக்காரர் நெல் விவசாயம். சின்னத் தொட்டி கடைசி மேசைக்கு மட்டும். அந்த மேசையில் பெரிய வாத்து அச்சுகளை அவர் ஒருவர்தான் ஊற்றுவார். மற்ற ஐந்து பேருக்கும் பெரிய தொட்டி. அந்த மேசை கிடைக்க அவருக்கு ஆறு வருடம் ஆனது என்று அவரே சொல்லியிருக்கிறார்.

எங்கள் யூனிட்டில் ஒரு வழக்கம் உண்டு. வார்ப்பு ஈரமாக இருக்கும்போதே, ஊற்றியவர் அடிப்பக்கம் தன் குறியை நகத்தால் கீறிவிட வேண்டும். ஒருவருக்கு ஒரு கோடு, ஒருவருக்கு இரண்டு கோடு, ஒருவருக்குப் பிறை. அக்காவுக்குப் பெருக்கல் குறி. சூளை பிரித்த அன்று, விரிசல் விட்டவற்றையெல்லாம் முற்றத்தில் கொண்டுவந்து, தலைகீழாகத் திருப்பி, குறிப்படி வரிசையாக வைப்பார்கள். யார் வரிசை நீளம் என்று வாசலில் நின்றாலே தெரியும். ஊற்றியவருக்குத்தான் குறி. கரைசலைக் கலந்தவருக்கு எந்தக் குறியும் கிடையாது. நான் சேர்ந்து இரண்டு வருடத்தில் ஒரு நாளும் அதைப் பற்றி யோசித்ததில்லை.

அந்தத் திங்கள் முற்றத்தில் இரண்டு கோட்டுக்கு மூன்று ஆமை, பிறைக்கு ஒரு காளான். பெருக்கல் குறியின் வரிசை சுவரில் ஆரம்பித்து தண்ணீர்த் தொட்டி வரை போய், அங்கே இடமில்லாமல் திரும்பியது.

“என்னாடி இது, உன் வாத்துக்கெல்லாம் ஒரே நாள்ல கழுத்து சுளுக்கிகிச்சா?” என்றார் இரண்டு கோடு.

“தைலம் தடவி வுடு, சரியாயிடும்” என்றார் பிறை.

“நேத்து ராவு எந்தப் பக்கமா தலைய வெச்சிப் படுத்துச்சுங்களோ” என்றார் இன்னொருவர்.

எல்லோரும் சிரித்தார்கள். அக்காவும் சிரித்தார். பிறகு குனிந்து ஒரு வாத்தை எடுத்து, விரிசலில் கட்டைவிரலை ஓட்டிப் பார்த்தார். “இது அன்னிக்கி ஊத்துனது. நான் சொன்னேனே” என்றார். யாரைப் பார்த்தும் சொல்லவில்லை. நான் கையில் எண்ணிக்கைத் தாளோடு நான்கடி தள்ளி நின்றேன். பெருக்கல் குறிக்கு நேராக எண்ணை எழுதினேன்.

முதலாளி வந்து வரிசையைப் பார்த்தார். என்னைத்தான் கேட்டார்.

“என்னம்மா, என்னாச்சு?”

“அச்சுல நேரம் கூட வுட்ருப்பாங்க சார்” என்றேன்.

யோசித்துச் சொன்னதுபோல் இல்லை. வாயில் தயாராக இருந்தது. வார்ப்பை அச்சில் அதிக நேரம் விட்டாலும் கழுத்தில் விரிசல் விடும். டிப்ளமா படித்த யாரும் மறுக்க முடியாத பதில். அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார். பத்தரை மணிக்கு வந்து என்னிடம் சொன்னதை அப்போது அவர் முதலாளியிடம் சொல்லியிருக்கலாம். ஏன் சொல்லவில்லை என்று நான் பல நாள் எனக்குச் சாதகமாகவே விடை கண்டுபிடித்துக்கொண்டிருந்தேன். நானே சொல்வேன் என்று அவர் காத்திருந்தார் என்பதுதான் உண்மை. அதைப் பின்னால் அவரே சொன்னார்.

கடிதம் எழுத உட்கார்ந்தபோது முதலாளி பின்னால் நின்றார். “ரொம்ப விளக்காதம்மா. தப்பு நடந்துடுச்சுன்னா பயந்துடுவாங்க. லைட்டா எழுது” என்றார். தவறு, கவனக்குறைவு, பழுது என்று மூன்று ஆங்கிலச் சொற்களை வரிசையாகப் போட்டு அழித்தேன். நான்காவதாக ஸ்லிப் வந்தது. முதலாளிக்குப் பிடித்தது. எனக்கும் பிடித்தது. யார் செய்தது என்று கேட்கத் தோன்றாத அளவுக்கு அது சின்னதாக இருந்தது.

அந்த வாரம் ஒரு மதியம் பேக்கிங் பகுதிக்குப் போனேன். அக்கா ஆமைகளை வைக்கோலில் சுற்றிக்கொண்டிருந்தார். முழங்கை வரை தூசு. காஸ்டிங்கில் இருப்பவர்களுக்கு முழங்கை வரை வெள்ளையாக மண் காய்ந்திருக்கும். அதைப் பார்த்தே யார் எந்த வேலை என்று சொல்லிவிடலாம்.

“லெட்டரு அனுப்பிட்டீங்களாம்மா?” என்றார்.

“அனுப்பியாச்சுக்கா.”

“என்னா எழுதியிருக்குது அதுல?”

“காஸ்டிங்குல ஒரு ஸ்லிப் ஆயிடுச்சு, அதனால லேட்டுன்னு.”

“ஸ்லிப்புன்னா, நாம ஊத்துறோமே, அதுவா?”

“அது இல்லக்கா. இங்க சின்னத் தப்புன்னு அர்த்தம்.”

“யாரு தப்புன்னு போட்டிருக்குது?”

“யாருதுன்னும் போடல.”

ஆமையின் தலைக்கு இன்னொரு கை வைக்கோல் வைத்துச் சுற்றினார். “காஸ்டிங்குலன்னு போட்டிருக்குது இல்ல. அப்ப என் தப்புதான். நான்தானே அங்கேருந்து இங்க வந்திருக்கேன்” என்றார். குரலில் கோபம் இல்லை. பெட்டிக்கு எத்தனை ஆமை என்று சொல்வதுபோலச் சொன்னார்.

“நான் போயிட்டு வரேங்க்கா” என்று கிளம்பிவிட்டேன். வேறு எதுவும் செய்யவில்லை.

அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை மதியம் வீட்டில் உட்கார்ந்து அந்தச் சொல்லை அகராதிகளில் தேடினேன். ஏன் தேடினேன் என்பதற்கு என்னிடம் நல்ல காரணம் எதுவும் இல்லை. ஏதாவது ஓர் அர்த்தத்தில் நான் எழுதியது சரியாக இருக்கும் என்று நினைத்திருப்பேன். பாடத்தில் விடை தெரியாதபோது சொல்லின் வேரைத் தேடிக்கொண்டிருப்பது எனக்குப் பழைய பழக்கம்.

பட்டியல் போட்டேன். நான் அறிந்த ஸ்லிப்புகளே நிறைய இருந்தன. பள்ளியில் அரைத்தாளில் எழுதிய ஸ்லிப் டெஸ்ட். தேர்தலுக்கு முன் வீடு வீடாகக் கொடுக்கிற பூத் ஸ்லிப். மண் லாரிக்காரர் கையெழுத்துக்கு நீட்டுகிற லோடு ஸ்லிப். மழையில் பைக் ஸ்லிப் ஆவது. மேடையில் பேசுகிறவருக்கு நாக்கு ஸ்லிப் ஆவது. கிரிக்கெட்டில் மட்டையாளருக்குப் பின்னால் சாய்வாக நிற்கும் இடம். அம்மா மெல்லிய சுடிதாருக்கு அடியில் போடச் சொல்லித் தொந்தரவு செய்யும் உள்ளாடை. தலையணை உறை. நடுவதற்கு வெட்டிய செடித் தண்டு. கடைசியில் எங்கள் தொட்டியில் இருப்பது.

இத்தனையும் ஒரே சொல்லின் கிளைகள் என்று நினைத்திருந்தேன். அப்படி இல்லை. குறைந்தது மூன்று வெவ்வேறு சொற்கள், காலப்போக்கில் ஒரே உருவத்துக்கு வந்துவிட்டிருக்கின்றன. வழுக்குவதும் நழுவுவதும் ஒன்று. வடக்கு ஜெர்மனியின் பழைய பேச்சிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்ததாகச் சொல்கிறார்கள். சட்டென்று மாட்டிக் கழற்றலாம் என்பதால் உள்ளாடையும் தலையணை உறையும் இதில்தான் சேரும். தாள் துண்டும் செடித் தண்டும் இரண்டாவது. அங்கேயே பக்கத்து மொழிகளில் வெட்டு, கீறல், கிழிந்த பட்டை என்ற பொருளில் இருந்த சொல். அரைத்தாளைக் கிழித்து எழுதிய ஸ்லிப் டெஸ்ட்டுக்கு மிகச் சரியான பெயர். மூன்றாவது, எங்களுடையது. அது ஆங்கிலத்தின் மிகப் பழைய சொல். சேறு, கொழகொழவென்ற குழம்பு என்று பொருள். புல்வெளியில் பூக்கும் ஒரு மஞ்சள் பூவின் ஆங்கிலப் பெயரில் அந்தச் சொல் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அங்கே அதற்குப் பசுஞ்சாணம் என்று பொருளாம். இந்த மூன்றும் அதற்கும் முந்தி ஒன்றாக இருந்திருக்கலாம் என்று சிலர் ஊகிக்கிறார்கள். உறுதியாக யாரும் சொல்லவில்லை.

சாணத்தைப் பற்றிப் படித்தபோது சிரித்துவிட்டேன். இதை அக்காவிடம் சொன்னால் என்ன சொல்வார் என்று உடனே தோன்றியது. சொல்கிற நிலையில் நான் இல்லை என்பது அதற்குப் பிறகு தோன்றியது.

தவறு என்ற பொருள் முதல் சொல்லிலிருந்து வந்தது. கால் வழுக்குவதுதான் மூலம். நடந்துகொண்டிருக்கும்போது தரை ஈரமாக இருந்து, கால் போய்விடுகிறது. விழுந்தவர் விழ நினைக்கவில்லை. எழுந்து புடவையைத் தட்டிக்கொண்டு சுற்றிப் பார்க்கிறார். அவ்வளவுதான் அந்தச் சொல்லுக்குள் இருக்கிறது.

ஐந்து மாதம் கழித்து இப்போது, என் எட்டு எண்களையும் எடுத்து வைத்துக்கொண்டு எது எது இந்தச் சொல்லுக்குள் அடங்கும் என்று பார்த்தேன். முந்தின பக்கத்து எண்ணைப் பார்த்து எழுதியது அடங்கும். அக்கா வந்து சொன்னபோது எழுந்து போய்ப் பார்க்காததைக்கூட இழுத்து அடக்கலாம். அதற்குப் பிறகு ஒன்றும் அடங்கவில்லை. ஐந்து மணிக்கு எனக்குத் தெரியும். அந்த வாத்துகள் அப்போது ஈரமாக அலமாரியில் இருந்தன. எடுத்துத் தொட்டியில் போட்டிருந்தால் மறுபடியும் மண்ணாகியிருக்கும். ஒரு நாள் உழைப்போடு போயிருக்கும். வெள்ளிக்கிழமை வரை நான்கு நாள் இருந்தது. ஒவ்வொரு நாளும் அந்த அலமாரியைக் கடந்துதான் என் மேசைக்குப் போனேன். அப்போதெல்லாம் என் கால் எங்கும் வழுக்கவில்லை. விரிசல் விழாமலே போய்விடலாம் என்று நின்று, நிதானமாக, அடுத்த அடியை எடுத்து வைத்தேன்.

இதை எழுதும்போதுகூட, நன்றாக எழுதிவிட்டேனோ என்று ஒரு கணம் பார்த்தேன். அதற்கும் சேர்த்து வெட்கப்பட வேண்டியிருக்கிறது.

அகராதி பார்த்த அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு, முதலாளியிடம் சொல்ல மேலும் இரண்டு வாரம் எடுத்துக்கொண்டேன். நோட்டைத் திறந்து அந்தப் பக்கத்தையும் முந்தின பக்கத்தையும் காட்டினேன். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பார்த்தார்.

“இத எதுக்கும்மா இப்ப சொல்ற?”

“அக்கா மேல தப்பில்ல சார். அவங்க வந்து சொன்னாங்க. நான்தான் கேக்கல.”

“சரி வுடு. நாளையிலேருந்து காஸ்டிங்குக்கே வரச்சொல்லு. ஆனா நீதான் தப்பு பண்ணேன்னு அங்க போயி மைக்கு போடாத. அப்பறம் ஒருத்தரும் உன் பேச்ச கேக்க மாட்டாங்க.”

சரி சார் என்றேன். எனக்கு நிம்மதியாக இருந்தது. யாருக்கும் தெரியாமலே எல்லாம் பழையபடி ஆகிவிடும் என்ற நிம்மதி. அதோடு நேரே பேக்கிங்குக்குப் போனேன்.

“நாளைக்கு கடைசி மேசைக்கு வந்துடுங்கக்கா. சார் சொல்லிட்டாங்க.”

“என்னா சொன்னாங்க?”

“வரச் சொன்னாங்க.”

“எதுக்குன்னு மத்தவங்களுக்குச் சொல்வீங்களா?”

ஆமைகளை எண்ணுவதுபோல் பெட்டியின் மேல் குனிந்தேன். அக்கா கையில் இருந்த வைக்கோலைக் கீழே போட்டார்.

“இங்க பாரும்மா. இப்ப நான் சும்மா போயி அந்த மேசையில நின்னா என்னான்னு நெனைப்பாங்க? பாவம், மன்னிச்சு வுட்டுட்டாங்கன்னு நெனைப்பாங்க. நான் என்னா பண்ணேன், மன்னிக்கிறதுக்கு? அன்னிக்கி முத்தத்துல நீ சொல்லுவ சொல்லுவன்னு உன் வாயத்தான் பாத்துகிட்டு நின்னேன். நேரம் கூட வுட்டுட்டாங்கன்னுட்ட. பதினோரு வருசமா ஊத்துறேன், எனக்கு நேரம் தெரியாதா? வூட்டுல போயி சொன்னேன். எங்க வூட்டுக்காரரு, அதுதான் படிச்ச பொண்ணே சொல்லுதே, அப்பறம் என்னாங்குறாரு.”

இதுவரை நீங்க என்று பேசிவந்தவர் அன்றுதான் என்னை நீ என்றார். அது எனக்குத் தகும் என்று தோன்றியது.

“நான் வரல. இங்கியே இருந்துக்குறேன்” என்று ஆமையை எடுத்துச் சுற்ற ஆரம்பித்தார்.

மூன்று நாள் கழித்து, காலை வேலை தொடங்குமுன், டீக்காக எல்லோரும் முற்றத்தில் இருந்தபோது சொன்னேன். முந்தின நாளே சொல்லவேண்டியவற்றை எண் போட்டு எழுதி வைத்திருந்தேன். தாளை எடுக்கவில்லை. எடுத்திருந்தால் ஒழுங்காகச் சொல்லியிருப்பேன். முதலில் சிலிக்கேட் என்றேன், பிறகு கழிவுமண் என்றேன், யாருக்கும் புரியவில்லை. கடைசியில், “வாத்து வெடிச்சது என்னாலதான். அக்கா அன்னிக்கே வந்து சொன்னாங்க. எனக்கு அன்னிக்கு சாயந்தரமே தெரியும். தெரிஞ்சும் சூளைக்கு அனுப்பினேன். சார்கிட்ட நேரம் கூட வுட்டுட்டாங்கன்னு பொய் சொன்னேன்” என்றேன்.

இரண்டு கோடுதான் முதலில் பேசினார். “தெரிஞ்சேவா மேடம்?” என்றார். அவ்வளவுதான். கேலி செய்யவில்லை. கேலி செய்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

பிறை அக்காவின் பக்கம் திரும்பி, “நாங்க வேற தைலம் தடவச் சொன்னோமேடி” என்றார். அக்கா, “நல்லா சொன்னீங்க போங்க” என்று டம்ளரைக் கழுவப் போனார். என்னைப் பார்க்கவில்லை.

முதலாளி அன்று மாலை கூப்பிட்டுத் திட்டினார். சொல்லாதே என்று சொன்னதைச் சொன்னதற்காகத் திட்டினார். தவறுக்காக இல்லை. ஆர்டர் கொடுத்தவர்களுக்கு இன்னொரு கடிதம் எழுதிக் கொண்டுபோயிருந்தேன். அதில் ஸ்லிப் என்ற சொல் இல்லை; கலவைக்குப் பொறுப்பான நான் அளவைத் தவறாகப் போட்டேன், அறிந்தும் நிறுத்தவில்லை என்று எழுதியிருந்தேன். வாங்கி மேசை டிராயரில் போட்டார். “அவங்க அத எப்பவோ மறந்துட்டாங்க” என்றார். அனுப்பவில்லை. அனுப்பச் சொல்லி இரண்டு தடவை கேட்டேன். மூன்றாவது தடவை கேட்கவில்லை.

இப்போதைய நிலை இது. அக்கா பேக்கிங்கில்தான் இருக்கிறார். காஸ்டிங்குக்கு வருவதாகவும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. கடைசி மேசையில் இப்போது பிறை ஊற்றுகிறார். கழிவுமண்ணைத் தினமும் எடை போடுகிறேன்; கரைசல் சரியில்லை என்று யாராவது சொன்னால் எழுந்து போய்ப் பார்க்கிறேன். ஆனால் முன்போல் யாரும் வந்து சொல்வதில்லை. முதல் கடிதம் போனது போனதுதான். காஸ்டிங் பகுதியில் நேர்ந்த ஸ்லிப் என்றுதான் ஆர்டர் கொடுத்தவர்களின் ஃபைலில் இருக்கிறது.